வால்நட் கட்டை போட்ட துப்பாக்கி

ட்ரூடி ஹலுஷ்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அந்த அக்டோபரில் அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பென்சில்வேனியாவின் மேற்கு மலைப்பக்கம், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகும் ஜனங்கள் நகராமல் தங்கிவிட்ட டாசன் ரன் என்ற ஊர். அவள் புருஷன் எட் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஃப்ளோரிடா போனான். போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். ட்ரூடி அதற்காக அழுததை யாரும் பார்த்ததில்லை.

தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு டார்ச்சும் கையுமாக பஸ்ஸைச் சுற்றி வருவாள். டயர், பிரேக், விளக்கு, பின்பக்க அவசரக் கதவு என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் தாளில் கையெழுத்துப் போடுவாள். பனி கொட்டினாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, ஒரு நாள் விட்டதில்லை. இந்தக் குணத்தினாலேயே டிப்போவில் அவளோடு காப்பி குடிக்க ஆள் குறைவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்லீன் ஃபெட்கோவின் பஸ்ஸில் பின்கதவு ஒரு வாரமாகத் திறக்கவில்லை. மார்லீன் பார்க்காமலேயே தினமும் 'சரி' போட்டு வந்தாள். ட்ரூடி மேலிடத்தில் சொல்லிவிட்டாள். மார்லீனுக்கு இரண்டு வாரம் சம்பளமில்லா ஓய்வு கிடைத்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பக்கத்துப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்துவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரூடி பழைய கல்குவாரியில் இருக்கும் துப்பாக்கி கிளப்புக்குப் போவாள். வேட்டையெல்லாம் கிடையாது. பலகைமேல் வரிசையாகத் தகர டப்பா வைத்து, இருபத்தைந்து கஜம் தள்ளி உட்கார்ந்து சுடுவார்கள். டப்பா 'டங்'கென்று பறக்கும்போது அவளுக்கு வாரத்தின் களைப்பெல்லாம் இறங்கிவிடும். கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் வால்ட் டெம்கோவின் துப்பாக்கியை இரண்டு வருஷமாக இரவல் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் வால்ட்டின் மகளும் சுட வர ஆரம்பித்ததால், இனி சொந்தமாக ஒன்று வாங்கியாக வேண்டும் என்றாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஹார்லன் க்ரப்பின் கடைக்குப் போனாள்.

"வாங்க அம்மணி! இன்னிக்கு என்ன, பஸ்ஸு ரிப்பேரா?" என்றார் க்ரப். தொப்பை பெல்ட்டுக்கு மேலே வழிய, கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"பாயிண்ட் டூ டூ துப்பாக்கி ஒண்ணு வேணும். டப்பா சுடத்தான். விலை கையக் கடிக்கக் கூடாது. எந்தத் தோட்டா போட்டாலும் முரண்டு பிடிக்காம வெடிக்கணும்."

"அப்படிச் சொல்லுங்க." அவர் முதலில் எடுத்துவைத்தது புத்தம்புதிய ஒன்று. விசையை அழுத்த அழுத்தத் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். ட்ரூடி தூக்கிப் பார்த்தாள். லேசாகத்தான் இருந்தது.

"மலிவுத் தோட்டா போட்டா சிக்குமா?"

"கொஞ்சம் சிக்கும். அதுக்கு நல்ல தோட்டாவா வாங்கிப் போடணும்."

"அப்போ துப்பாக்கிக்குக் குடுக்கறத விட தோட்டாவுக்கு அழணும். வேற காட்டுங்க."

இரண்டாவது, கீழே இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றிச் சுடும் கௌபாய் பாணித் துப்பாக்கி. விலையைக் கேட்டதும் அவளே அதை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டாள். மூன்றாவதாக க்ரப் சுவரிலிருந்து இறக்கியது பழையது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட் என்கிற தாழ்க்கம்பியை இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். அதன் கட்டை வால்நட் மரம். தேன் நிறத்தில், நீரோட்டம் மாதிரி கோடுகள். பின்பக்கம் கன்னம் படுகிற இடத்தில் பிறை நிலா போல ஒரு சின்ன வடு. நூற்று நாற்பது டாலர்.

தோளில் வைத்ததும் ட்ரூடிக்கு மனசு நழுவிவிட்டது. அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது. போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடியது. குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். துரு இல்லை, உள்ளே வெட்டிய சுழல் கோடுகள் கூர்மையாக இருந்தன.

'எடுத்துக்கிறேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. உள்ளே தோட்டா இல்லை என்று மறுபடி ஒரு தடவை பார்த்து, போல்ட்டை மூடி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டாள். பூட்டுப் போட்ட நிலையில் விசையை இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. விரலை எடுத்தாள். பிறகு கட்டை விரலால் பூட்டை முன்னே தள்ளினாள்.

'டக்.'

விசைமேல் விரலே இல்லை. தோட்டாவை வெடிக்கவைக்கும் உள்சுத்தி தானாக விழுந்தது.

ட்ரூடி இன்னொரு தடவை செய்தாள். டக். மூன்றாவது தடவையும் டக்.

"ஹார்லன், இதுல தோட்டா இருந்திருந்தா இந்நேரம் உங்க கூரை போயிருக்கும்."

"அட, பழைய சாமான், உள்ள எதாவது தேஞ்சிருக்கும்." அவர் விதைத்தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினார். "பூட்டுப் போட்டுட்டு விசைய இழுக்கறவன் எவன்? நீங்க ஒருத்திதான் இப்படிக் குடைஞ்சு பாப்பீங்க."

"பதட்டத்துல யாரும் இழுப்பாங்க. அப்புறம் பாருங்க, பூட்டுப் போட்டிருந்தா போல்ட்டும் திறக்கல. உள்ள இருக்கற தோட்டாவ எடுக்கணும்னாகூட பூட்டத் தள்ளித்தான் ஆகணும். அப்போ வெடிச்சா?"

"சரி சரி. ரிப்பேருக்கு அனுப்பறேன். போதுமா?"

"சுவத்துலேர்ந்து இறக்கி வைங்க."

"இறக்கறேன்னேன்ல! அம்மணி, நீங்க பஸ் ஓட்டறீங்க, நான் கடை ஓட்டறேன். அவங்கவங்க வேலையப் பாப்போம்."

கடைசியில் அவள் வாங்கியது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டை போட்ட ஒரு போல்ட் துப்பாக்கி. அவலட்சணமாக இருந்தது, துடைப்பக்கட்டைக்குக் குழல் வைத்த மாதிரி. ஆனால் பூட்டைப் பத்துத் தடவை சோதித்தும் பத்துத் தடவையும் தேறியது. படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தாள். க்ரப் வால்நட் துப்பாக்கியைக் கல்லாமேல் கிடத்திவிட்டு மறுபடி விதைப் பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வார ஞாயிறு, கிளப் கேட்டருகே தன் காரிலிருந்து இறங்கியபோது ட்ரூடி கதவைச் சாத்த மறந்து நின்றாள். முன்னால் நின்ற பழைய டிரக்கின் பின்பக்கத்திலிருந்து மார்லீன் ஒரு துப்பாக்கியை உறையைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். தேன் நிறக் கட்டை, கன்னம் படுகிற இடத்தில் பிறை வடு.

மார்லீன் அன்றைக்குத்தான் கிளப்புக்குப் புதிதாக வருகிறாள். "ஹார்லன் அடிமாட்டு விலைக்குக் குடுத்தான்" என்று வால்ட்டிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் பாத்து வச்சிருக்கு, கண்ண மூடிட்டுச் சுடலாம்னான்." ட்ரூடி வருவதைக் கண்டதும் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "சில பேரு வாங்கற பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இல்ல."

ட்ரூடி வாயைத் திறந்தாள். மார்லீன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

ரிப்பேர் செய்திருப்பார் க்ரப், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே தெரிந்தது, ஒரு வாரத்துக்குள் அது ஆகிற வேலை இல்லை என்று. இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும்? 'மறுபடி போட்டுக்குடுக்க வந்துட்டா' என்பாள் மார்லீன். அத்தனை பேர் முன்னாலும் சிரிப்பாள். அதற்கும் அடியில், மனசின் ஒரு மூலையில், இன்னொன்றும் இருந்தது. பாக்காம வாங்கினேல்ல, அனுபவி. அந்த நினைப்பு வந்ததும் ட்ரூடிக்கே கூசியது. ஆனாலும் அவள் கால் நகரவில்லை.

எட்டு மேஜைகள். ட்ரூடிக்கு நான்காவது, மார்லீனுக்கு ஐந்தாவது. இரண்டுக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான். குளிரில் மூச்சு புகையாகப் போனது. முதல் சுற்றில் ஆளுக்குப் பத்துத் தோட்டா. மார்லீன் பூட்டைத் தொடவே இல்லை. போல்ட்டை இழுத்தாள், தள்ளினாள், சுட்டாள். ஆறு டப்பா விழுந்தது. ட்ரூடிக்கு மூன்றுதான். அவள் பார்வை தன் இலக்கில் இருந்ததைவிடப் பக்கத்து மேஜையில் இருந்தது அதிகம்.

"என்ன ட்ரூடி, கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று மூன்றாவது மேஜையிலிருந்து ஸ்டாஷ் கேலி செய்தான். தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவன். மிட்ஸி என்ற கிழட்டு நாயைப் பின்னால் இருக்கும் கம்பத்தில் கட்டிவிட்டுச் சுடுவது அவன் வழக்கம்.

இடைவேளையில் எல்லாரும் போல்ட்டைத் திறந்துவைத்துவிட்டு நடந்து போய் டப்பாக்களை அடுக்கினார்கள். ட்ரூடி மார்லீனுக்கு இரண்டடி பின்னால் நடந்தாள். இப்போ சொல்லிடலாம். மார்லீன், அந்தத் துப்பாக்கி... தொண்டை வரை வந்தது. மார்லீன் திரும்பி, "என் நிழலையா சோதிக்கற?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினாள். மூன்று வருஷத்தில் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். ட்ரூடியின் காது மடல் சுட்டது. சொல்லவில்லை.

இரண்டாவது சுற்று. "தோட்டா போட்டுக்கலாம்! விசில் அடிச்சப்புறம்தான் சுடணும்!" என்று வால்ட் கத்தினார். ட்ரூடி ஓரக்கண்ணால் பார்த்தாள். மார்லீன் தோட்டாவைப் போட்டாள். போல்ட்டை மூடினாள். கையுறையை மாட்டிக்கொள்வதற்காக, முதல் தடவையாக, பூட்டைப் போட்டாள்.

விசில் ஊதியது. எட்டில் ஏழு துப்பாக்கிகள் வெடித்தன.

மார்லீன் விசையை இழுப்பதை ட்ரூடி பார்த்தாள். துப்பாக்கி வெடிக்கவில்லை. "அட ச்சே" என்று மார்லீன் முனகினாள். பூட்டு போட்டிருந்தது இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

அந்த நொடியில் நீண்ட விசில். "நிறுத்து! நிறுத்து! எல்லாரும் போல்ட்டத் திற!"

மிட்ஸி கம்பத்துக் கயிற்றிலிருந்து கழன்று, பலகைக்கு முன்னால் போய் நின்று டப்பா ஒன்றை முகர்ந்துகொண்டிருந்தது. வால்ட் தடுப்பதற்குள் ஸ்டாஷ் மேஜையைத் தாண்டி, "மிட்ஸி! ஏய், வா இங்க!" என்று ஓடிவிட்டான். "ஸ்டாஷ், முட்டாளே, நில்லுடா!" வால்ட் கத்தினார். ஸ்டாஷ் நிற்கவில்லை. நாய்க்காக அவன் குனிந்த இடம் மார்லீனின் குழலுக்கு நேர் எதிரே.

மற்ற போல்ட்டுகள் சடசடவென்று திறந்தன. மார்லீன் போல்ட்டை இழுத்தாள். வரவில்லை. பூட்டு. அவள் கட்டை விரல் பூட்டின்மேல் போனது.

"மார்லீன்! பூட்டத் தொடாத!"

ட்ரூடியின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் உட்கார வைக்கும் குரல் அது. மார்லீனின் விரல் பூட்டின்மேலேயே நின்றது.

"என்ன?"

"தொடாத. விரல எடு. தள்ளினா வெடிக்கும்."

"விசில் அடிச்சாச்சு, திறக்க வேண்டாமா? உனக்கு என்ன பைத்தி..."

"விசையத் தொட வேண்டாம், தானா வெடிக்கும். எனக்குத் தெரியும். நான் கடையில பாத்தேன். ஸ்டாஷ் முன்னால நிக்கறான், மார்லீன். கண்ணத் தூக்கிப் பாரு."

மார்லீன் பார்த்தாள். ஸ்டாஷ் மண்டியிட்டு நாயின் கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிரில் விறைத்த கையால் பட்டை பிடிபடவில்லை போலிருக்கிறது. மார்லீனின் முகம் வெளிறியது. விரல் இன்னும் பூட்டின்மேல்தான் இருந்தது.

"என்னால எடுக்க முடியல" என்றாள் மெதுவாக. "கையுறை மாட்டிக்கிச்சு."

தடித்த கம்பளிக் கையுறை. அதன் நூல் ஒன்று பூட்டின் முனையில் சிக்கியிருந்தது. இழுத்தால் பூட்டும் சேர்ந்து நகரும். துப்பாக்கியைத் திருப்பலாம் என்றால், இந்தப் பக்கம் ட்ரூடி, அந்தப் பக்கம் ஆறாவது மேஜை.

"ஆடாத. மூச்சு விடு. அப்படியே இரு." ட்ரூடி எழுந்து அவள் பின்னால் போனாள். குழலைப் பிடிக்கக் கை துறுதுறுத்தது, பிடிக்கவில்லை. இழுபறி ஆனால் அவ்வளவுதான். "கட்டையோட பின்பக்கத்த மட்டும் மெதுவா உயர்த்து. குழல் முனை கீழ போகட்டும். மேஜைக்கு முன்னால இருக்கற மண்ணப் பாக்கட்டும். அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம்."

குழல் ஒரு விரல்கடை இறங்கியது. பிறகு இன்னொன்று. பத்தடி தள்ளி இருக்கும் சேற்றைப் பார்த்து நின்றது.

"ஸ்டாஷ்!" வால்ட் இப்போது கத்தவில்லை. சாதாரணமாகப் பேசுகிற மாதிரி சொன்னார். அதுதான் எல்லாருக்கும் அதிக பயமாக இருந்தது. "நாயத் தூக்கிக்கிட்டு இடது பக்கமா, வேலி ஓரமா நடந்து வா. ஓடாத."

ஸ்டாஷ் நிமிர்ந்து பார்த்தான். மேஜைகள் நெடுக ஆட்கள் சிலையாக நிற்பதைக் கண்டான். ஒன்றும் கேட்காமல் மிட்ஸியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அந்த எழுபத்தைந்து அடி தூரத்தை அவன் நடந்து முடிக்கிற வரைக்கும் யாரும் இருமக்கூட இல்லை. வேலியைத் தாண்டி எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்ந்ததும் வால்ட் தலையசைத்தார்.

"மார்லீன், வலது கையில மத்த விரலெல்லாம் விசைக்குப் பக்கத்துல இல்லன்னு காட்டு. சரி. கட்டைய இடது கையால அழுத்திப் பிடிச்சுக்க. இப்போ கட்டை விரலால பூட்டத் தள்ளு."

மார்லீன் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள்.

வெடித்தது. சேறு முழங்கால் உயரம் எழும்பித் தெறித்தது. மார்லீனின் வலது கையில் மற்ற நான்கு விரல்களும் அகல விரிந்து காற்றில் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

வால்ட் துப்பாக்கியை வாங்கிப் போல்ட்டைத் திறந்து, காலித் தோட்டாவைக் கீழே தள்ளினார். ஸ்டாஷ் நாயை இறக்கிவிடாமலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

மார்லீன் திரும்பினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள்.

"காலைல கேட் பக்கத்துல என் கையில இதப் பாத்தியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"டப்பா அடுக்கப் போனப்போ என் பின்னாலயே வந்தியே. அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

"என் பஸ் கதவுக்கு மட்டும் ஓடிப் போய்ச் சொன்ன. அன்னிக்கு உனக்கு வாய் இருந்துச்சு."

வால்ட் ஏதோ சமாதானமாகத் தொடங்கினார். ட்ரூடி கை காட்டி நிறுத்தினாள். "அவ சொல்றது சரிதான் வால்ட். காலைலயே உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும். வீம்பு. வேற ஒண்ணும் இல்ல." எட்டு பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டு, தன் பிளாஸ்டிக் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று இரவு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வேகவைத்தவள், தட்டில் போட்டு அப்படியே ஆறவிட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மார்லீன் க்ரப் கடைக்குப் போய்த் துப்பாக்கியைக் கல்லாமேல் போட்டாள். பூட்டுப் போட்டு விசையை இழுத்தது அவள் தப்பு என்றார் க்ரப். அவ்வளவுதான், மார்லீன் போட்ட சத்தத்தில் எதிர்க் கடை முடிதிருத்துபவர் கத்தரியோடு வெளியே வந்துவிட்டார். அதே நேரம் ட்ரூடியும் உள்ளே வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. "முந்தின வாரம் சனிக்கிழமை மூணு தடவை உங்க கண் முன்னால காட்டினேன், ஹார்லன். யார் வந்து கேட்டாலும் அத அப்படியே சொல்லுவேன்" என்று மட்டும் சொன்னாள். க்ரப் மார்லீனைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்து வைத்தார். வால்ட் முன்பே போன் செய்து சொன்னதன் பேரில் போல்ட்டைக் கழற்றி அவர்கள் கண் முன்னாலேயே வேறு அலமாரியில் பூட்டினார். அந்த வருஷம் முழுக்க கிளப்பிலிருந்து ஒருவரும் அவர் கடையில் தோட்டாகூட வாங்கவில்லை.

வெளியே வந்ததும் மார்லீன் நேராக டிரக்கில் ஏறிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழிந்தது. காலை இருட்டில் டிப்போவில் ட்ரூடி டயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் செருமல் கேட்டது. மார்லீன், கையில் காப்பிக் குவளை. ஒன்றுதான், அவளுக்கு மட்டும்.

"சனிக்கிழமை வேல இருக்கா?"

"இல்ல."

"பக்கத்து ஊர்க் கடையில ரெண்டு மூணு பழைய துப்பாக்கி இருக்காம். எனக்கு மரக்கட்டைதான் வேணும். பிளாஸ்டிக் எடுன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைக்காத."

"நினைக்கல" என்றாள் ட்ரூடி. "நீயும் அந்தக் கதவு விஷயத்த நான் மறந்துட்டேன்னு நினைக்காத."

மார்லீனின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, குளிரா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அந்தக் கடையில் மூன்று மணி நேரம் இருந்தார்கள். கடைக்காரப் பெண் சலித்துப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பூட்டு, விசை, போல்ட், குழல் என்று எல்லாவற்றையும் மார்லீனே தன் கையால் செய்தாள். ட்ரூடி கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கடைசியில் மார்லீன் எடுத்தது பீச் மரக் கட்டை போட்ட ஒன்று. நூற்று அறுபது டாலர். நிறம் மங்கல்தான், ஆனால் எதைப் போட்டாலும் வெடித்தது, வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் கிளப்பில் வான்கோழியைப் பரிசாக வைத்துச் சுடும் போட்டி நடந்தது. மார்லீன் பத்துக்கு ஒன்பது அடித்து வான்கோழியைத் தட்டிக்கொண்டு போனாள். ட்ரூடிக்கு எட்டு. ஒரே ஒரு டப்பாவில் போய்விட்டது என்று வீடு வரைக்கும் காரில் தனியாகப் புலம்பிக்கொண்டே போனாள்.